பதிமூன்று கூட்டவும்

மகள் அம்மாவின் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். இது இரண்டாவது துண்டு. முதல் துண்டை அவிழ்க்காமல் அதன் மேலேயே கட்டினாள்.

"அசையாதம்மா. காத்து புகுந்துரும்."

ஜன்னல் சாத்தியிருந்தது, கதவு சாத்தியிருந்தது, மின்விசிறியை மருமகன் வந்ததுமே நிறுத்திவிட்டான். அந்தக் கூடத்துக்குள் காற்று புக வேண்டுமென்றால் யாரையாவது விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

செத்தவர், அவள் வீட்டுக்காரர், வழியில் வந்துகொண்டிருந்தார். வண்டி பதினொரு மணிக்கு வாசலில் நிற்கும், பத்து நிமிஷம்தான் நிற்கும், பையைத் திறக்கக் கூடாது, கூட இரண்டு பேர்தான் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுவரை யாருக்கும் செய்ய வேலையில்லை. வந்திருந்த ஐந்தாறு பேரும் சேர்ந்து அவளைப் பார்த்துக்கொள்வது என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். உட்கார்ந்தால் படு என்றார்கள். படுத்தால் தலையணையை உயர்த்தினார்கள்.

"இருமல் எப்படி இருக்கு அண்ணி?" என்று சமையலறையிலிருந்து கேட்டான் கொழுந்தன். வெந்நீர்ப் பொறுப்பு அவனுடையது.

அவள் இருமினாள்.

இருமல் வந்ததால் இருமவில்லை. கேட்டார்கள், இருமினாள். நெஞ்சுச் சளி முழுதும் கரைந்து போய் ஐந்து நாளாகிறது. அது அவளுக்கும் அவள் நெஞ்சுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இன்னொருவருக்கும் தெரிந்திருக்குமோ என்றுதான் நேற்று விடியற்காலை தொலைபேசி வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அந்த ஆள் பைக்குள் இருந்தார்.

அவருக்குத் தராசுக்காரர் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அது கடைசியாக ஆஸ்பத்திரிச் சீட்டில் பயன்பட்டது. அவரும் தம்பியும், அதாவது இந்தக் கொழுந்தனும், ஒரே பட்டறையில் நாற்பது வருஷம் தராசு பழுது பார்த்தார்கள். மளிகைக் கடைத் தராசு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுவிட்டால் ஆடுகிற நகைக்கடைத் தராசு, எல்லாம் அந்த எட்டடி அறைக்குள் வந்து போயின. பார்த்து முடித்ததும் தட்டைக் கவிழ்த்து அடியில் ஊசியால் தன் அடையாளத்தைக் கீறுவார். சரியாக இருந்தால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி, கீழே தேதி. தேறாது என்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட தராசை உடையவன் அழுதாலும் திருப்பிப் பார்க்கமாட்டார்.

மனிதருக்கு ஒரு கொள்கை உண்டு. "எல்லா மெஷினும் பொய் சொல்லும். ஆனா மனுஷன் மாதிரி ஆளுக்கொரு பொய் சொல்லாது. ஒரே பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். எவ்வளவு பொய்னு கண்டுபிடிச்சுட்டா அப்புறம் அது உண்மைதான்." கண்டுபிடித்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுவார். கூடத்துக் கடிகாரத்தில் 'ஏழு நிமிடம் கழிக்கவும்' என்று ஒட்டியிருந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியின் உறையில் 'அரை கூட்டவும்'. திருகி நேராக்க வேண்டியதைத் திருகாமல் சீட்டு ஒட்டி வைத்திருப்பதாக அவள் முப்பத்தோரு வருஷம் சண்டை போட்டுப் பார்த்தாள். வீட்டில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் ஏழைக் கழித்தார்கள். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும், அங்கே ஒழுங்காக ஓடுகிற கடிகாரத்தில் கழித்து இரண்டு முறை ரயிலை விட்டாள்.

கதையும் சொல்வார். கதையிலும் கழிக்க வேண்டியிருக்கும். அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு நெஞ்சு ஆகாது என்பதற்கு அவர் வைத்திருந்த கதை இது: அவருடைய அப்பா ஒரு தூறலில் நனைந்தார், ஒன்பதாம் நாள் போய்விட்டார். அதே மழையில் ஆற்றில் விழுந்த அம்மா இரண்டு மைல் மிதந்து கரையேறி, ஒரு தும்மல் போட்டுவிட்டு, இருபத்தாறு வருஷம் இருந்தார். இரண்டு மைலில் ஒன்றே முக்கால் மைலைக் கழித்துவிடலாம். ஒன்பதாம் நாளில் கழிக்க ஒன்றுமில்லை. கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களில் பெரியப்பா, சித்தப்பா, மூத்த அண்ணன் எல்லோரும் இருந்தார்கள். அவர்களுடைய மனைவிமார் படத்துக்கு வெளியே இருந்தார்கள், சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் போட்டுக்கொண்டு.

ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த காய்ச்சல் இந்த வீட்டுக்கு வந்தபோது முதலில் அவளைத்தான் பிடித்தது. சாதாரணமாக இல்லை. இருமினால் கடிகாரத்தில் ஒட்டியிருந்த சீட்டு படபடத்தது. எழுந்தால் சுவர் கூடவே எழுந்தது. மறுநாள் அவருக்கும் வந்தது. அவர் இருமவே இல்லை. உடம்பு லேசாகச் சுட்டது, சோறு பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

"உனக்கு வந்ததுதான் காய்ச்சல். எனக்கு வந்தது அதோட நிழல்" என்றார்.

முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாகச் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார். கஞ்சி வைத்தார். முதல் நாள் கஞ்சி ஸ்பூனை நட்டு வைத்தால் நிற்கும் பதத்தில் இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் இளகியது. தட்டில் கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் மாத்திரையை வைத்து, குனிந்து கட்டிலோரம் வைப்பார். வைத்துவிட்டுக் கதை தொடங்குவார். ஐஸ் ஃபேக்டரித் தராசுக் கதை. அந்தத் தராசுக்கு உணர்ச்சி அதிகம், முதலாளி 'நான் யோக்கியன்' என்றால் முள் நடுங்கும். முப்பது முறை கேட்ட கதை. ஒவ்வொரு முறையும் முடிவு மட்டும் வேறாக இருக்கும். அன்று அவள் கஞ்சியை முடித்து, மாத்திரை விழுங்கி, அரைத்தூக்கம் போட்டு எழுந்தபோதும் முதலாளி யோக்கியன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மகள் அனுப்பிய பொட்டலம் வந்தது. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற சின்ன மெஷின். தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று தொலைபேசியில் மகள் மூன்று முறை சொன்னாள். அவளுக்கு மாட்டினார். தொண்ணூற்றேழு. தனக்கு மாட்டினார். எண்பத்து நாலு.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீடே அதிர இருமறவளுக்குத் தொண்ணூத்தேழு. ஒரு தும்மல்கூடப் போடாதவனுக்கு எண்பத்து நாலா?"

"உங்களுக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கு என்ன பண்ணும்? உள்ள பாரு, சிவப்பு வெளிச்சம் விரல் வழியாப் போய் அந்தப் பக்கம் வரணும். நாப்பது வருஷம் பித்தளையும் கிரீஸும் தின்ன விரல் இது. வெளிச்சம் எப்படிப் போகும்?" பிறகு பட்டறைக் குரலில் தீர்ப்புச் சொன்னார். "நீ எடைக்கல்லு, உன்னை வச்சுத்தான் சரி பாக்கணும். சீக்காளிக்கே தொண்ணூத்தேழுன்னா எனக்கு அதுக்குக் கொறையாது. வித்தியாசம் பதிமூணு."

சீட்டை வெட்டி ஒட்டினார். 'எனக்கு: பதிமூன்று கூட்டவும்.'

அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாக மாறியது, அவர் வெந்நீர் எடுக்கப் போனார். ராத்திரி மகள் கேட்டதற்கு, "அம்மாவுக்குத் தொண்ணூத்தேழு, எனக்கும் அதேதான்" என்றார். கணக்குப்படி பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை அடுப்புப் பக்கத்தில் ஒரு மரநாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். "கஞ்சி கிண்டறது நின்னுக்கிட்டு செய்யற வேலையே இல்ல. இத்தனை வருஷத்துல இதைக்கூட நீ கண்டுபிடிக்கலையே" என்றார். அதன் பிறகு வீட்டில் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அவள் இருமுவாள். நாற்காலி கிரீச்சிடும். செருப்பு தேய்ந்து தேய்ந்து வரும்.

புதன்கிழமை காலையில் அவள் விழித்தபோது நெஞ்சு கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். போய் முட்டிவிட்டுத் திரும்பி வந்தது. பசித்தது. எழுந்துவிடலாம் என்று காலைக் கீழே வைத்தாள். அப்போது சமையலறையில் கிண்ணம் தட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் வாழ்க்கையில் தட்டில் வைத்து அவளுக்கு யாரும் எதையும் கொண்டுவந்ததில்லை. மகள் பிறந்தபோதுகூட எழுந்துபோய்த்தான் எடுத்துச் சாப்பிட்டாள். காலை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டு, இருமினாள்.

நாற்காலி கிரீச்சிட்டது.

மத்தியானம் எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தாள். மத்தியானம் வந்தபோது சாயங்காலம் என்று நினைத்தாள்.

அன்று ராத்திரி அவருக்கு மெஷின் எழுபத்தொன்பது காட்டியது. அவர் சீட்டில் பதிமூன்றை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினார். வியாழக்கிழமை அதையும் அடித்துவிட்டு இருபத்து நாலு என்று எழுதினார். நாளுக்கு நாள் பிழை கூடுகிற தராசை அவர் பெருக்கல் குறி போட்டு எறிவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் எழுந்து உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

கதையும் குறைந்துகொண்டே வந்தது. புதன்கிழமை ஐஸ் ஃபேக்டரிக் கதவைத் திறந்ததோடு முடிந்தது. தன்னைத் தூங்கவிடுவதற்காகக் குறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் சீப்பை எடுத்துவந்து அவளுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தார். எட்டு நாளாக முடிச்சு விழுந்து கிடந்த முடியை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். அவர் மூச்சு அவள் பிடரியில் வேகவேகமாகப் பட்டது, ஓடிவந்த ஆளின் மூச்சு மாதிரி.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"உன் சிக்கு... ஊருக்குப் போற ரோடு மாதிரி இருக்கு" என்றார். நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாளைக்குக் கண்டிப்பாக எழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருமினாள். நாற்காலி கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே, இருமினாள். அடிப்பிடித்த வாசனைதான் வந்தது. எழுந்து ஓடினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கரண்டி கையில் இருந்தது, உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது.

"ஐஸ் ஃபேக்டரியில..." என்றார். "அப்புறம் சொல்றேன்."

தம்பிக்காரன் ஓடிவந்து மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்கினான். இருபத்திரண்டு படிக்குள் மூன்று இடத்தில் அண்ணனை மடியில் வைத்தபடி உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அண்ணன் கனம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த மெஷின் அறுபத்தொன்று காட்டியது. அதில் சீட்டு ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே முகமூடி அழுத்திய கோடு.

"எத்தனை நாளா இப்படி மூச்சு வாங்குறாரு?"

"தெரியலம்மா. நான் படுத்த படுக்கையா இருந்தேன்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இந்த வார்டுல இருபது கட்டில். பதினாலுல ஆம்பளைங்கதான் படுத்திருக்காங்க. ஒரே வீடு, ஒரே காய்ச்சல். வீட்டுக்காரம்மா நாலு நாள் இருமிட்டு எந்திரிச்சு வந்து வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, இவங்க உள்ள இருப்பாங்க. ஏன்னு கேட்டா பெரிய டாக்டருங்க பத்து காரணம் சொல்றாங்க. உடம்பு எதிர்த்து நிக்கிற விதமே வேறங்கறாங்க, பீடி சிகரெட்டுங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஆம்பளைங்க லேட்டா வர்றாங்க. இருமல் இல்லாம ஆக்சிஜன் மட்டும் கீழ போறது இதுல உண்டு. ஒண்ணுமில்லன்னு நினைச்சுப்பாங்க."

"சரியாயிடுமாம்மா?"

டாக்டரம்மா அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தொலைபேசியில் சொன்னார்.

கூடத்தில் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது. எல்லோரும் ஏழைக் கழித்தார்கள்.

பக்கத்து வீட்டுக் கொத்தனார் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றார். அவரைப் பார்த்ததும் மகள் அழத் தொடங்கிவிட்டு, முகம் கழுவ உள்ளே போனாள். கொத்தனார் அவளைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"நல்லாத்தான்க்கா இருந்தாரு. புதன்கிழமைகூட இந்த ஜன்னல்ல வந்து நின்னு, எங்க மொட்டைமாடியில நின்ன என்னைக் கூப்பிட்டாரு. கம்பு நுனியில மெஷினைக் கட்டி நீட்டறாரு. 'விரலை விடுடா'ங்கறாரு. பாம்பு புடிக்கற மாதிரி."

"உங்களை எதுக்கு?"

"என் விரலும் அவர் விரலும் ஒரே ஜாதி விரலாம். சிமெண்ட் தின்ன விரல். வெளிச்சம் போகுதான்னு பாக்கணும்னாரு. மாட்டினேன். தொண்ணூத்தெட்டு காட்டுச்சு. கம்பை இழுத்துப் பாத்தாரு. 'அப்ப மெஷின் சரி'ன்னாரு. நல்லதுதானேண்ணேன்னு கேட்டேன். 'நல்லதுதான், மெஷினுக்கு'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவர் எப்பவும் அப்படித்தானே பேசுவாரு."

அவள் கழுத்துத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"உடம்பு எப்படிண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமான்னு கேட்டேன். 'அவ இருமல் நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்'னாரு." கொத்தனார் செருப்பைப் பார்த்தார். "உங்க மேல அவ்ளோ உசுருக்கா."

வாசலில் வண்டி பின்னால் வரும் சத்தம் கேட்டது. இரண்டு பேர்தான் போகலாம் என்பதால் தம்பிக்காரனும் மகளும் என்று முடிவாகியிருந்தது. அவன் படியிறங்கப் போனவன் நாலாவது படியில் நின்றான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தான். "மாப்பிள்ளை, நீங்களே போயிருங்க. எனக்கு என்னமோ காலையிலேர்ந்து அசதியா இருக்கு. அண்ணிக்கும் ஆள் வேணும்" என்றான். மகளும் மருமகனும் போனார்கள்.

அவளை ஜன்னலோரம் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். வண்டியின் பின்கதவை ஒருவன் திறந்தான். நீளமாக வெள்ளைப் பை தெரிந்தது. எந்தப் பக்கம் தலை என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் என்றார்கள், ஐந்து நிமிஷத்திலேயே பார்த்து முடிந்துவிட்டது. பார்ப்பதற்கு அதில் அவ்வளவுதான் இருந்தது. மிச்ச நேரத்தில் டிரைவர் கண்ணாடியைத் துடைத்தான். கதவைச் சாத்தினார்கள். வண்டி முனை திரும்பும்போது பழக்கத்தில் ஹாரன் அடித்தான்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லாமல் யாரும் போகவில்லை.

அவள் கட்டிலுக்கு வந்தாள். தலையணைக்கு அடியில் கைவிட்டு மெஷினை எடுத்தாள். மேலே சீட்டு அப்படியே இருந்தது. பதிமூன்று அடித்து, பதினெட்டு அடித்து, இருபத்து நாலு. கவிழ்த்துப் பார்த்தாள். பேட்டரி மூடியின் மேல் ஊசியால் கீறிய ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள் புள்ளி. கீழே தேதி. புதன்கிழமைத் தேதி.

கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் கீறியிருந்தார், கை நடுங்காமல்.

பதினெட்டும் இருபத்து நாலும் அதற்குப் பிறகு எழுதியவை. யார் படிப்பதற்காக எழுதினார் என்று யோசிக்க வேண்டியதில்லை, அப்போது வீட்டில் அவளைத் தவிர இன்னொரு ஆள் இல்லை. அவள் இருமல் பொய் என்று தெரிந்திருந்ததா என்பது மட்டும் அந்த வட்டத்துக்குள் இல்லை. ஊசியால் கீறக்கூடிய விஷயமல்ல அது.

இருமல் வந்தது. இந்த முறை தானாகவே வந்தது.

சமையலறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செருப்பு தேய்ந்து தேய்ந்து வந்தது, நடுவில் ஒரு இடத்தில் நின்றது, மறுபடி வந்தது. கொழுந்தன் வெந்நீர் டம்ளரோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தாங்க அண்ணி. இருமல்... இன்னும் நிக்கலையா?"

அவன் ஒரு முறைகூட இருமியதாக அவளுக்கு நினைவே இல்லை. அண்ணனோடு ஒரே பட்டறையில் உட்கார்ந்தவன். மாடிப்படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தவன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் பட்டபோது அவன் உதட்டைப் பார்த்தாள்.

"தம்பி, இப்படி வாங்க. விரலைக் கொடுங்க."

"எனக்கெதுக்கு அண்ணி? எனக்கு ஒண்ணுமில்லையே."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவன் விரலைத் தானே பிடித்து மெஷினுக்குள் விட்டாள். பித்தளையும் கிரீஸும் தின்ற இன்னொரு விரல். சிவப்பாக வெளிச்சம் வந்தது. எண்கள் குதித்தன, தடுமாறின, நின்றன. எண்பத்தாறு.

அவன் குனிந்து சீட்டைப் படித்தான். அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் கோணியது, பிறகு லேசாகச் சிரித்தான்.

"இதுல என்னமோ... கூட்டணும்னு எழுதியிருக்காரே."

"கூட்டாதீங்க" என்றாள். "கீழ இறங்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"உங்களை இந்த நிலைமையில விட்டுட்டு நான் எப்படி அண்ணி..."

அவள் எழுந்தாள். கழுத்தில் மகள் கட்டிய முடிச்சைத் தேடி அவிழ்த்தாள். மேல் துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டாள். பிறகு கீழ்த் துண்டையும் அவிழ்த்தாள்.